ரொட்டியை ஏன் மூடி வைக்கிறார்கள்?

எருசலேம் அனுபவம், குமரி மாவட்டத்திலிருந்து:

எருசலேமில் 88 வயது யூதப் பெரியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே தாத்தாவை 'சாபா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் பைபிள் வாசிக்காத நாள் கிடையாது. ஆனால் லேவியராகமம், உபாகமம் வந்தால் மட்டும், பலியும் சட்டமுமாக இருக்கிறதே என்று பக்கங்களைத் தள்ளிவிடுவோம். அந்தப் பக்கங்களை நான் வாசிக்கக் கற்றுக்கொண்டது சாபா வீட்டில்தான்.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்து கை கழுவித் துடைத்ததும், வாசலுக்கு வெளியே வாக்கரைப் பிடித்தபடி நின்று ஏதோ முணுமுணுப்பார். அரை நிமிடம்கூட ஆகாது. வலியில் புலம்புகிறார் என்று நினைத்து, "எங்கே வலிக்கிறது சாபா?" என்று இடையில் கேட்டுவிட்டேன். பொறு என்று கையை மட்டும் காட்டினார். மாலையில் அவர் மகன் விளக்கினார். அது 'அஷேர் யாத்சர்' என்ற ஜெபம், யூதர்களின் பழைய மத நூலான தல்மூதிலேயே இருக்கிறது. மனிதனை ஞானத்தோடு உருவாக்கி அவனுக்குள் துவாரங்களையும் குழிவுகளையும் வைத்தவரே, இவற்றில் ஒன்று கிழிந்தாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ உம் முன்னால் நிற்க முடியாதே என்று போகும். ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் சொல்ல வேண்டும்.

என் அப்பா கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். துணி மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் பேசாமல் சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அதில் நன்றி சொல்ல ஏதோ இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. ஜெபத்தைக் கேட்பவர்கள் முடிவில் ஆமென் சொல்வது அங்கே வழக்கம். இரண்டாவது மாதத்திலிருந்து நானும் சொல்ல ஆரம்பித்தேன். இப்போதும் அப்பாவை நினைக்கும்போது அந்த ஆமென் வாயில் வருகிறது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பு நகரமெங்கும் சைரன் ஒலிக்கும். ஓய்வுநாள் நெருங்கிவிட்டது, விளக்கேற்றுங்கள் என்று அர்த்தம். மேஜையில் ஹல்லா ரொட்டி இரண்டு இருக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்த உணவான மன்னாவின் நினைவு அது. பூவேலை செய்த துணியால் அவற்றை மூடியிருப்பார்கள். ஈ மொய்க்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். காரணம் வேறு. உபாகமம் 8:8இல் கோதுமைதான் திராட்சைக்கு முன்னால் வருகிறது. ஆகவே முதல் ஆசீர்வாதம் ரொட்டிக்குச் சேர வேண்டியது. ஓய்வுநாள் இரவிலோ திராட்சரசத்தின் மேல்தான் முதலில் ஜெபிக்கிறார்கள். தன் முறை தள்ளிப்போவதைப் பார்த்து ரொட்டி வெட்கப்படக் கூடாதாம், அதற்காகத்தான் துணி. இதைச் சொன்ன சாபாவின் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் ரொட்டியின் மானத்தைக் காக்கப் பழகிய பிள்ளை, வளர்ந்து ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் கூசவைக்குமா?

அப்புறம், ஓய்வுநாள் கட்டளை. வீட்டுக்காரனோடு சேர்ந்து வேலைக்காரனும் வேலைக்காரியும், வாசலுக்குள் இருக்கும் அந்நியனும், ஏன், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும் என்று உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை மறக்காதே என்பது அடுத்த வசனம். வெள்ளி இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகன் பொறுப்பை எடுத்துக்கொள்வார். மறுநாள் சாயங்காலம் வரை எனக்கு விடுப்பு. அந்த வசனத்தில் வரும் அந்நியன் நான்தான் என்று எனக்குத் தெரிய கொஞ்ச காலம் ஆனது.

பாவ மன்னிப்புக்கான நாளான யோம் கிப்பூருக்கு முந்தின நாள் சாபா என்னை உட்காரச் சொன்னார். மருந்து கொடுக்கும்போது இரண்டு மூன்று முறை என்மேல் கத்தியிருக்கிறார். "சிலிஹா" என்றார், மன்னித்துக்கொள் என்று. கடவுளுக்கு விரோதமாகச் செய்ததை அந்த நாள் தீர்த்துவைக்கும். சக மனிதனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளாலும் தீர்க்க முடியாது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. மறுநாள் சாலையில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். பாகப்பிரிவினைத் தகராறில் மூன்று வருஷமாகப் பேசாதிருந்த அண்ணனுக்கு அன்று இரவு போன் செய்தேன். மழை பெய்கிறதா என்று கேட்டேன். பெய்கிறது என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை, ஆனால் யாரும் போனை வைக்கவும் இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் என் அலுவலகத் தோழியின் வீடு ஞாபகம் வந்தது. அவள் அம்மா இறந்தபோது ஷிவாவுக்குப் போனேன், யூதர்கள் அனுசரிக்கும் ஏழு நாள் துக்கம். கதவைச் சும்மா சாத்தியிருந்தார்கள், யாரும் மணி அடிக்கவில்லை. கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போனதும் எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதுதானே நம் ஊர்ப் பழக்கம்? வாயைத் திறக்கப் போனேன், பக்கத்திலிருந்த பெண்மணி ஒருவர் மெல்ல என் கையைப் பிடித்தார். துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாதாம். பைபிளில் யோபுவின் நண்பர்கள் அவனுடைய துயரம் பெரிதென்று கண்டு, ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்களே, அங்கிருந்து வந்த பழக்கம்.

ஏறத்தாழ இருபது நிமிடம் சும்மாவே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் பேசினாள், அம்மா செய்யும் மீன் குழம்பைப் பற்றி. நான் கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பேச்சு வந்தே இருக்காது.

மீண்டும் குமரியிலிருந்து:

தங்கச்சி, அந்த யோபு வசனத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கூடாரப் பண்டிகைக்கு நான்கு வகைச் செடிகளைச் சேர்த்துப் பிடிப்பார்கள். நம் நார்த்தங்காய்க்கு உறவான எத்ரோக்கில் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிர்ட்டல் கிளைக்கு மணம் மட்டும். நான்காவது, நம் பைபிளில் ஆற்றலரி என்று வரும் வில்லோ கிளை. அதற்கு இரண்டும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றை வைத்து அந்தக் கட்டளையை நிறைவேற்ற முடியாது. நான் அங்கிருந்த கடைசி வருஷம் சாபாவுக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. பால்கனியில் போட்டிருந்த ஓலைப் பந்தலுக்குள் அவர் மணிக்கட்டை நான் தாங்கிக்கொண்டேன். இலைகள் சலசலத்தன. அவர் ஜெபம் சொல்ல, நான் ஆமென் சொன்னேன்.