பள்ளிக்கூடத்தில் கச்சேரி வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

நாயன ரசிகன்:
எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நாகசுரம், தவில் நிகழ்ச்சி ஒன்று வைத்தோம். படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று சில பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். யூடியூபில் எத்தனை கச்சேரி வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் தவில் அடி நெஞ்சுக்குள் அதிர்வது போன் ஸ்பீக்கரில் வராது. டெல்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் 1977-இல் ஸ்பிக் மெக்கே என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதற்காகத்தான். பெரிய வித்வான்கள் மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும், டிக்கெட் கிடையாது.

கணக்கு டீச்சர்:
சார், பள்ளியில் இது நடக்கிற லட்சணத்தையும் சொல்கிறேன். எல்லா வகுப்பையும் மைதானத்தில் உட்கார வைத்து, வரவேற்புரை, பொன்னாடை, விருந்தினர் பேச்சு எல்லாம் முடிந்து கச்சேரியின் முதல் உருப்படியாக ஒரு வர்ணம் தொடங்கும்போது பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். பின்வரிசைக்கு மைக் இரைச்சல்தான் மிச்சம். சரி, மறுநாள் ஒரு பிள்ளை "அது என்ன ராகம்" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? எத்தனையோ பள்ளிகளில் பாட்டு வாத்தியாரே கிடையாது.

நாயன ரசிகன்:
அதனால்தான் நாங்கள் மேடையே போடவில்லை டீச்சர். ஏழாம் வகுப்பு மட்டும், மரத்தடியில், மைக் இல்லாமல். நாகசுரக்காரர் வாய் வைத்து ஊதும் சீவாளியைத் தனியே கழற்றி, இது கொறுக்கை என்ற நாணல் தட்டையில் செய்தது என்று காட்டி, வாயில் வைத்து நனைத்து அதை மட்டும் ஊதினார், கீச்சென்று ஒரு சத்தம், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிறகு அதையே குழலில் செருகி மோகன ராகம் வாசித்ததும் கப்சிப். தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைத் தொட்டுப் பார்க்க ஒரே தள்ளுமுள்ளு. அப்புறம் எல்லாரும் ஆதி தாளம் போட, அவர் அதே எட்டு அட்சரத்துக்குள், ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்துக்கு மாறினார், பாதிப் பேருக்குக் கை தடுமாறியது, "இன்னொரு தடவை" என்று அவர்களே கேட்டார்கள்.

குப்பத்துக்காரி:
நல்ல விஷயம் அண்ணா. ஆனால் எந்த இசையைக் கொண்டுபோகிறோம் என்பதும் முக்கியம். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015-இல் தொடங்கிய விழாவில் கர்நாடக இசைக்கும் பறைக்கும் சேர்த்தே இடம் கொடுத்தார்கள். சபாவில் கேட்பது மட்டும்தான் உசத்தி என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிடக் கூடாது.

கணக்கு டீச்சர்:
மரத்தடிக்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தாளத்தை அடுத்த வாரம் யார் சொல்லிக்கொடுப்பார்? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம், தவில், தேவாரம் என்று மூன்று வருடம் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாளாவது அவர்களைச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கு வரவழையுங்கள். ஒரு நாள் ஆசை காட்டிவிட்டு விட்டுப்போவது பிள்ளைக்குத்தான் ஏமாற்றம்.

நாயன ரசிகன்:
பணியிடம் கேட்டு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது வரும்வரை ஒன்றும் வேண்டாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இப்போது ஏழாவது படிக்கிற பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே போய்விடும். அடுத்து வீணைக்கு ஒருவரிடம் கேட்டிருக்கிறோம், பக்கத்து ஊர்ப் பறைக் குழுவையும் கூப்பிடுகிறோம். உங்கள் பள்ளிக்கும் வரச் சொல்லவா டீச்சர்? பொன்னாடை வேண்டாம், ஒரு வகுப்பும் ஒரு பாயும் போதும்.