காசல்ரீ இறங்குதுறை: புதுப்பிப்பு

இலங்கை மலையகத்தில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் சிறிய படகு இறங்குதுறை கட்டினால் சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்களைப் படித்த பிறகு, துறையைத் தாங்கும் தூண்களைவிடத் தண்ணீர் மட்டம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. இது மின்சாரத்துக்கான தேக்கம். விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும். நிலையான துறை வறட்சியில் சேற்றில் நிற்கும், அப்புறம் படகு வரக் கரையைத் தோண்டுவார்கள். தேயிலைச் சரிவிலிருந்து ஏற்கெனவே தண்ணீருக்குள் வரும் மண் போதாதா? மிதவைத் துறை மட்டத்தோடு ஏறி இறங்கும், தோண்டும் வேலையும் குறைவு. கரை வேலையைத் தென்மேல் பருவமழைக்கு முன்பே முடித்தால் மண் கரைந்து போவதும் குறையும்.

படகு எஞ்சின் எண்ணெய் பற்றி யாருமே எழுதவில்லை! துறை கட்டி முடிந்தாலும் அந்தத் தொல்லை தொடரும். எரிபொருள் நிரப்பும் இடத்தைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறோம்.