பழைய ஜப்பானிய ரைபிளில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’: எண் பொருத்தம் என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களே,

பழைய ஜப்பானியப் படையின் அரிசாகா ரைபிளை அடையாளம் கண்டு மதிப்பிடுவது பற்றிய கட்டுரைக்காக ‘மேட்சிங் நம்பர்ஸ்’ (ஒரு துப்பாக்கியின் உறுப்புகளில் அடித்திருக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அசல், ஓரெண், எண் பொருத்தம் என்று மூன்று வந்திருக்கின்றன. எனக்கு மூன்றாவதுதான் சரியாகப் படுகிறது. துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினால் காரணம் எளிதில் விளங்கும்.

‘வகை 99’ என்ற அரிசாகா ஒன்றை எடுத்துக்கொள்வோம். (தயவுசெய்து ‘99ஆம் வகை’ என்று எழுத வேண்டாம். ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599, அதாவது 1939, அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் இது. வகை 38 என்பது மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டு, 1905.) தோட்டா அறைக்கு மேல்புறம் வகையின் பெயர் ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக வெட்டப்பட்டிருக்கும், அதற்கு மேலே 16 இதழ் செவ்வந்தி, பேரரசரின் முத்திரை. இடப்பக்கம் திருப்பினால் வரிசையாக ஒரு சிறு வட்டத்துக்குள் ஒரு கனா எழுத்து (ஜப்பானிய அசையெழுத்து), அப்புறம் எண், அப்புறம் எந்த ஆயுதச்சாலை என்பதன் குறி. வட்டத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அது போதாது. ஒரு எழுத்தின் கீழ் 99,999 வரை போனதும் அடுத்த எழுத்தை வைத்துத் திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள், ஆகவே ஒரே எண் பல துப்பாக்கிகளில் இருக்கும். இந்த வட்ட எழுத்துக்குத் ‘தொகுதிக்குறி’, எண்ணுக்குத் ‘தொடரெண்’ என்று வைத்திருக்கிறேன், இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது தாழை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் ‘போல்ட்’டை, கழற்றிப் பாருங்கள். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில், அடிப்பக்கமாக, சின்னதாக ஒரு எண் அடித்திருக்கும். பெரும்பாலும் அது தொடரெண்ணின் கடைசி மூன்று இலக்கம். இரண்டும் ஒத்துப்போனால் இந்தத் தாழ் இந்தத் துப்பாக்கியோடு பிறந்தது என்று கொள்ளலாம். வேறு எங்கிருந்தோ வந்த தாழ் தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான்.

‘அசல்’ ஏன் ஒத்துவராது என்பது இங்கேதான் தெரிகிறது. 1945 சரணடைவுக்குப் பின் துப்பாக்கிகளை ஒப்படைத்தபோது பல இடங்களில் தாழ்களைத் தனியாகக் கழற்றிக் குவித்துவிட்டார்கள். அமெரிக்கப் படைவீரர்கள் நினைவுப்பொருளாக ஒரு துப்பாக்கியை இந்தக் குவியலிலிருந்தும் ஒரு தாழை அந்தக் குவியலிலிருந்தும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அப்படி வந்ததில் தாழும் அசல், துப்பாக்கியும் அசல், இரண்டும் ஒரே ஆயுதச்சாலையில் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் சேகரிப்பவர் எண்ணைப் பார்த்ததும் விலையைக் குறைத்துவிடுவார். அசல் என்றால் போலி இல்லை என்றுதானே அர்த்தம், ஜோடி மாறியதைச் சொல்ல அது உதவாது.

‘ஓரெண்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முழு எண்ணும் எல்லா உறுப்பிலும் இருப்பதுபோல் காட்டுகிறது. இருப்பது மூன்று இலக்கம். சில துப்பாக்கிகளில் அதுவும் இல்லை: தொடரெண்ணோடு சம்பந்தமே இல்லாமல், ஆலையில் ஒன்றுகூட்டும்போது உறுப்புகள் கலந்துவிடாமல் இருக்கப் போட்ட வேறொரு எண் இருக்கும். இதற்குக் ‘கூட்டெண்’ என்று வைக்கலாம். கூட்டெண் உள்ள துப்பாக்கியைத் தொடரெண்ணோடு ஒப்பிட்டு “மாறிப்போனது” என்று தள்ளுவது பெரிய அநியாயம், நல்ல துப்பாக்கிகள் அப்படி விலை குறைந்து போகின்றன. ஆகவே நமது சொல் எந்த எண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எண் பொருத்தம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

பொருத்தம் என்றால் ஜாதகம்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தயங்கினார். நான் அதையே காரணமாகச் சொல்வேன். பத்தில் எத்தனை பொருந்துகிறது என்று கேட்டுப் பழகிய சொல் அது, அளவு காட்டும். இங்கேயும் அப்படித்தான்: தாழ் பொருந்தும், அதன்மேல் சறுக்கி ஓடும் தகட்டு மூடி பொருந்தாது, அல்லது மூடியே இருக்காது. மூடியும் சேர்ந்து பொருந்தினால் மதிப்பு நன்றாகவே ஏறும். ‘முழுப் பொருத்தம்’, ‘தாழ்ப் பொருத்தம் மட்டும்’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒன்று கவனிக்க வேண்டும். போரின் கடைசிக் கட்டத்தில் வந்தவற்றில் இந்த மூடி, முன்னால் மடக்கும் ஒற்றைக் கம்பிக் கால் எல்லாம் ஆலையிலேயே போடவில்லை. அடிக்கட்டைத் தகடுகூட இரும்புக்குப் பதில் மரம். அவற்றில் இல்லாததைக் குறையாக எண்ணக் கூடாது. இவற்றுக்குக் ‘கடைக்காலத் தயாரிப்பு’ போதும்.

செவ்வந்தி முத்திரை நீக்கப்பட்ட துப்பாக்கிக்கு ‘அழிந்த செவ்வந்தி’ என்ற சொல் வேண்டாம். தானாகத் தேய்ந்ததுபோல் இருக்கிறது. சரணடைவின்போது வேண்டுமென்றே அரத்தாலும் சாணையாலும் எடுத்தார்கள், ‘அராவிய செவ்வந்தி’ என்றால் அந்தச் செயல் சொல்லிலேயே வந்துவிடும். முத்திரை அப்படியே இருப்பதை ‘முழுச் செவ்வந்தி’ எனலாம். பெரும்பாலும் சண்டை நடந்த காலத்திலேயே கைப்பற்றியவை என்பதால் இவற்றுக்கு விலை கூடுதல்.

தாழ் என்ற சொல்லை நானாகவே பயன்படுத்திவிட்டேன், கதவுத் தாழ்ப்பாள்போலத் தள்ளித் திருப்புவதால். ‘போல்ட்’ என்றே விடலாம் என்பவர்கள் கட்டுரை ஏறுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.