8¼ அங்குல டேபிள் சோ வீட்டு வேலைக்குக் காணாதா?

கல்லடி உளி:
களுவாஞ்சிக்குடித் தம்பி நேற்றுக் கேட்டது நேரான கேள்வி. வீட்டுக்குப் பின்னால 10 அடிக்கு 12 அடி தகரக் கொட்டில். அலுமாரி, படிப்பு மேசை, ஜன்னல் சட்டம் செய்யவேணும், வேலை முடிஞ்சதும் தூக்கி உள்ளுக்கு வைக்கவேணும், எந்த டேபிள் சோ (நடுவில வட்ட வாள் நீட்டி நிக்கிற மேசை மெஷின்) வாங்கலாம்? அதுக்குக் கல்முனை நிலைக்கால் எழுதின பதில் இது: "10 அங்குல வாள் இல்லாத மெஷின் விளையாட்டுச் சாமான். 3 அங்குல மரத்த ஒரே இழுவையில அறுக்காட்டி அது டேபிள் சோவே இல்ல." இந்த வசனத்த நம்பிப் பொடியன் தேவையில்லாத பாரத்துக்குக் காசு கொட்டப்போறான். அதுதான் தனியா எழுதுறன்.

8¼ எண்டா 210 மி.மீ. விட்டமுள்ள வாள். நேரா நிக்கும்போது 65 மி.மீ. ஆழம் அறுக்கும், அதாவது இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அலுமாரிக்கு என்ன மரம்? 18 மி.மீ. பிளைவுட், 1 அங்குலப் பலகை, 2க்கு 2, 3க்கு 2, 4க்கு 2. படுக்கவைச்சு அறுத்தா எல்லாம் 2 அங்குலத்துக்குள்ள. 65 எதுக்குக் காணாது?

கல்முனை நிலைக்கால்:
நான் எழுதினத நான் மாத்தமாட்டன். வீட்டு வேலை எண்டா நிலை செய்யமாட்டாங்களா? கதவு நிலை 4க்கு 3. மரக்காலையில 6க்கு 3 எடுத்துவந்து 4 ஆக்கவேணுமெண்டா 3 அங்குல உயரத்த வாள் கடக்கவேணும். 65 மி.மீ. கடக்குமா? ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லில பதில் சொல்லுங்க.

கல்லடி உளி:
ஒரு தரத்தில கடக்காது. இரண்டு தரத்தில கடக்கும். வாள 40 மி.மீ. உயர்த்தி ஒரு பக்கம் ஓட்டு. பிறகு மரத்த நீளவாக்கில தலைமாத்திக் கவிழ்த்து, அதே முகம் வேலியில (மரத்த ஒட்டித் தள்ளுற நேர் சட்டம்) ஒட்டியிருக்க மற்றப் பக்கம் ஓட்டு. பக்கவாட்டில புரட்டினா மற்ற முகம் வேலிக்கு வந்திடும். மரம் ஒரு நூல் அகலம் பிசகியிருந்தாலும் நடுவில படி விழும். தப்புச் செய்யிறவன் அங்கதான் செய்யிறான், பிறகு மெஷினக் குறை சொல்லுறான்.

இப்ப என்ர கேள்வி. 3 அங்குலம் 76.2 மி.மீ. டிவோல்ட் 7492, 250 மி.மீ. வாள், 2000 வாட், அதுன்ர ஆழம் 77. மிச்சம் முக்கால் மி.மீட்டர். மாரியில ஊறின மரம், மரக்காலையில வாள் போன தடத்தோட 78, 79 நிக்கும். அப்ப உங்கட 10 அங்குலமும் இரண்டு தரம்தானே ஓடவேணும்?

கல்முனை நிலைக்கால்:
போஷ் ஜி.டி.எஸ். 10 ஜே எடுத்துப் பாருங்க. 254 மி.மீ. வாள், ஆழம் 79. உங்களுக்கு வசதியா 77 எண்டு ஒண்டத் தூக்கிப் போடுறீங்க. 79இல 3 அங்குலம் ஒரே இழுவை.

கல்லடி உளி:
79 புது வாளுக்கு. கார்பைட் பல்லத் தீட்டத் தீட்ட விட்டம் குறையும். 2 மி.மீ. விட்டம் குறைஞ்சா ஆழத்தில 1 மி.மீ. போயிடும். அதோட கடையில 10 அங்குலம் எண்டு கேட்டா 250உம் தருவான், 254உம் தருவான். 254 மெஷினில 250 போட்டா 79 எண்டது 77 ஆகிடும். நீங்க "10 அங்குலம்" எண்டு சொல்லுறது எந்த 10 அங்குலம்? முதல்ல அத எழுதுங்க.

கல்முனை நிலைக்கால்:
எந்த 10 அங்குலமும் 65ஐவிடக் கூட. 3 அங்குலம் கடக்குதா இல்லையா எண்டதுதான் கேள்வி.

ஏறாவூர் பலகை:
இரண்டு பேரும் மில்லிமீட்டர்ல அடிபடுறீங்க. பொடியனுக்கு ஏன் இவ்வளவு செலவு? 7¼ அங்குலக் கைச் சர்குலர் சோ ஒண்ட 18 மி.மீ. பிளைவுட்டுக்கு அடியில தலைகீழாப் பூட்டி, மேல ஒரு நேர் சட்டத்தக் கிளாம்ப் பண்ணினா டேபிள் சோ. கிழக்கில பாதிப் பேர் அப்படித்தான் அறுக்குறாங்க.

கல்லடி உளி:
அந்தப் பாதிப் பேரின்ர விரல எண்ணிப் பாருங்க. கைச் சோவில பொத்தான விட்டா மோட்டர் நிக்கும். கவிழ்த்துப் பூட்டினவுடன பொத்தானக் கம்பியால கட்டுறாங்க. மரம் கடிச்சுப் பிடிக்கும்போது எட்டி நிப்பாட்ட இடமில்ல. வாளுக்குப் பின்னால தகடும் இல்ல. தேக்கோ மகோகனியோ, உள்ளுக்கு இறுக்கம் இருக்கிற பலகை அறுக்க அறுக்க அறுத்த வாய் மூடும். மூடினா வாளின்ர பின்பல்லு மரத்தத் தூக்கி அறுக்கிறவன்ர வயித்துக்கு எறியும். அதுக்குத்தான் ரைவிங் நைஃப் எண்ட தகடு. வாளின்ர உடல் தடிப்பவிடக் கூட, பல்லின்ர அகலத்தவிடக் குறைய இருக்கவேணும். உடல் 1.8, பல்லு 2.6 எண்டா தகடு 2.2 சரி. மெல்லிய வாள் மலிவா இருக்கு எண்டு பல்லு 2.0 உள்ளத வாங்கிப் போட்டா மரம் தகட்டில போய் இறுகும். உடன "தகடு இடைஞ்சல்" எண்டு கழட்டி எறியிறது. கழட்டவேண்டியது வாள், தகடு இல்ல.

ஏறாவூர் பலகை:
கம்பியால கட்டச் சொல்லி நான் எழுதல. பொத்தான அழுத்தி வைச்சுப் பிளக்குக்கு முன்னால வேற சுவிட்ச் போடலாம். வாசிச்சிட்டு எழுதுங்க. போன மாசம் பசை விசயத்திலயும் நான் சொல்லாதத்தான் நீங்க வெட்டி வெட்டிப் பதில் எழுதினீங்க.

சம்மாந்துறை வயர்மேன்:
பொத்தான அழுத்தி வைக்கிறது கம்பியால கட்டுறதேதான், பலகை. கரண்ட் போகுது எண்டு வைங்க. நீங்க மரத்த எடுக்கக் கைய வைக்கிறீங்க. கரண்ட் வருது. வாள் சுத்துது. நல்ல டேபிள் சோவில கரண்ட் போனவுடன விழுந்திட்டு, திரும்பப் பச்சைப் பொத்தான அமத்தினாத்தான் ஓடுற சுவிட்ச் இருக்கும். கடையிலயே பாருங்க. மேசையில ஒண்டும் வைக்காம ஓடவிடுங்க, பிளக்க இழுங்க, வாள் முழுசா நிண்ட பிறகு திரும்பக் குத்துங்க. தானா ஓடினா அந்த மெஷின் வேணாம்.

அதோட கொட்டிலுக்கு லைன் எப்படி? 2000 வாட்டுக்கு 230 வோல்ட்டில கிட்டத்தட்ட 9 ஆம்பியர், தொடங்கும்போது அதவிடப் பல மடங்கு. 5 ஆம்பியர் உருண்டைச் சொக்கெட்டில குத்தினா சொக்கெட் உருகும். 13 ஆம்பியர் சொக்கெட், 2.5 சதுர மி.மீ. வயர், 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். 0.75 வயரில 20 மீட்டர் எக்ஸ்டென்சன் இழுத்தா ஓடும்போதே 9 வோல்ட்டுக்கு மேல விழும், பாரமான மரத்தில இன்னும் விழும். மோட்டர் சூடாகி மணக்கும். 2.5இல அதே தூரத்துக்கு 3 வோல்ட்டும் வராது. றீலில சுத்தினபடி ஓட்டவேணாம், முழுக்க விரிங்க.

களுவாஞ்சிக்குடி பரண்:
நன்றி அண்ணன். கனடாவில இருந்து மச்சான் ஒரு டேபிள் சோ அனுப்பலாம் எண்டு சொல்லுறார். 120 வோல்ட், 15 ஆம்பியர். ட்ரான்ஸ்போமர் போட்டா சரிவருமா?

சம்மாந்துறை வயர்மேன்:
15 ஆம்பியர் 120 வோல்ட் எண்டா 1800 வாட். தொடக்க இழுவையையும் பார்த்தா 3000 வி.ஏ. ஸ்டெப் டவுன் வேணும். அதுவே நல்ல பாரம். கார்பன் பிரஷ் போட்ட மோட்டர் எண்டா 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் பெரிய பிரச்சினை இல்ல. பிரஷ் இல்லாத இண்டக்சன் மோட்டர் எண்டா வேகம் ஆறில ஒண்டு குறையும், சூடாகும். வேணாம்.

கல்லடி உளி:
இன்னொண்டு இருக்கு. அங்கத்த மெஷினில வாள் பூட்டுற தண்டு 5/8 அங்குலம், 15.9 மி.மீ. எங்கட பக்கம் வாற டேபிள் சோ வாளில பெரும்பாலும் 30உம் 25.4உம்தான் துளை. 30ஐ 25.4க்கு இறக்க வளையம் இருக்கு, சரியான தடிப்பில எடுத்தாப் பிழையில்ல. 15.9க்கு இறக்க டேப் சுத்துற ஆள் வந்தா விலகி நில்லுங்க. மையம் ஒரு மயிரிழை பிசகினாலும் ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் அறுக்கும், மெஷின் அதிரும்.

கல்முனை நிலைக்கால்:
துளை பற்றி நீங்களே தொடங்கினது நல்லம். 210 மி.மீ., 30 துளை, 24 பல்லு வாள் மட்டக்களப்பில எத்தன கடையில தொங்குது? 7¼ இருக்கு, 10 இருக்கு. 8¼ கேளுங்க, உங்கள மேலயும் கீழயும் பார்ப்பான். தேக்கில மணல் மாதிரிச் சிலிக்கா, பல்லு சீக்கிரம் மொட்டையாகும். தென்னை இன்னும் மோசம். வாள் மாத்தவேண்டி வந்தா 8¼காரன் கொழும்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கவேணும். இதுக்கு என்ன பதில்?

கல்லடி உளி:
மெஷின் வாங்கிற அண்டைக்கே மூண்டு வாள் சேர்த்து வாங்கு. நீளவாக்குக்கு 24 பல்லு ரெண்டு, பிளைவுட்டுக்கு 48 அல்லது 60 பல்லு ஒண்டு. ஒண்டு தீட்டக் குடுத்தா மற்றது ஓடும். இது ஒரு காரணமா?

கல்முனை நிலைக்கால்:
இது பதில் இல்ல. கடையில இல்லாத வாளுக்கு மெஷின் வாங்கச் சொல்லுறீங்க. 3 அங்குலமும் கடக்காது, வாளும் கிடைக்காது. இன்னொண்டும் கேளுங்க. இரண்டு தரம் ஓட்டு எண்டு லேசா எழுதிட்டீங்க. முதல் ஓட்டத்தில வாள் மரத்துக்கு மேல வராது. பின்தகடு வாளவிட உயர்ந்து நிக்கிற மெஷினில மரம் தகட்டில முட்டி நிண்டிடும். வாள மூடுற மேல்மூடி தகட்டிலதான் பூட்டியிருக்கும். அப்ப மூடியும் வேணாம், தகடும் வேணாம் எண்டு கழட்டவேணும். ஏறாவூர்க்காரருக்கு விரல் எண்ணச் சொன்ன ஆள் நீங்கதான்.

கல்லடி உளி:
தகட்ட வாளின்ர உச்சிக்குக் கொஞ்சம் கீழ இறக்கி நிப்பாட்டுற பூட்டு இருக்கிற மெஷின எடுக்கவேணும். மூடி மட்டும் கழரும், தகடு நிக்கும். நெம்பியப் பிடிச்சு இறக்கிப் பார்த்து, அங்க "கிளிக்" எண்டு பிடிக்கிற இடம் இருந்தா வாங்கு. இல்லாத மெஷினில இரண்டு தர ஓட்டம் செய்யாத. இத நான் முதல்லயே எழுதாதது இடம் காணாததால, தெரியாததால இல்ல.

சக்தி குறைவு எண்ட கதையும் எடுப்பீங்க எண்டு தெரியும், அதுக்கும் இப்பவே சொல்லுறன். 8¼ எண்டு நான் சொல்லுற டிவோல்ட் 7485, 210 மி.மீ., நிமிசத்துக்கு 5800 சுத்து. 7492, 250 மி.மீ., 4800 சுத்து. பல்லு ஓடுற வேகம் இரண்டிலயும் செக்கனுக்கு 63 மீட்டர் அளவில. வாட் 1850உம் 2000உம். 2 அங்குல முதிரையில இரண்டும் ஒரே மாதிரித்தான் மூச்சு வாங்கும். 3 அங்குல முதிரையில உங்கட 10 அங்குலம் தள்ளுற வேகத்த அரைவாசியாக் குறைக்கவேணும், இல்லாட்டி மரம் கருகும். ஒரே இழுவை எண்டு நெஞ்ச நிமித்துறீங்க, அந்த ஒரு இழுவைக்கு எவ்வளவு நேரம் எண்டு எழுதல.

பாரம்: 7485 22 கிலோ, 7492 26க்கு மேல. 7 அடி 4க்கு 3 முதிரை நிலைக்கால் ஒண்டு 15 கிலோவுக்குக் குறையாது. அந்த மரம் பாதிக்கு மேல வெளிய தொங்கினா எந்தச் சின்ன மெஷினும் கவிழும். பின்னால மேசை உயரத்துக்கு 1 மி.மீ. குறைச்சு ஒரு தாங்கி கட்டாயம். நிலை செய்யிறவன் மரக்காலையிலயே 4க்கு 3 ஆ அறுத்து வாங்குறான்.

ஏறாவூர் பலகை:
நிலை அறுத்து வாங்கலாம் எண்டா அலுமாரிப் பலகையும் அறுத்து வாங்கலாம். பிறகு டேபிள் சோ எதுக்கு?

கல்லடி உளி:
வேலிக்கு! 8 அடிக்கு 4 அடி பிளைவுட்ட நடுவால பிளக்க 610 மி.மீ. வேணும். 7485இன்ர வேலி 622 வரைக்கும் போகும், முன்னும் பின்னும் பற்சக்கரத்தில சேர்ந்து நகரும். முன்பக்கம் மட்டும் பூட்டுற வேலி பின்பக்கம் இழுபடும். பின்பக்கம் வாளுக்கு அரை மி.மீ. நெருங்கினாலும் மரம் கருகும், பின்னால எறியும். வாங்கின அண்டைக்கே பிளக்கக் கழட்டி, ஒரு பல்லில அடையாளம் போட்டு, மேசைத் தவாளிப்பில இருந்து அந்தப் பல்லுக்கு முன்னால அளந்து, வாளச் சுத்தி அதே பல்லுக்குப் பின்னால அளக்கவேணும். வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள்ள. வேலி பின்னால ஒரு மயிரிழை விலகி நிக்கலாம், நெருங்கவே கூடாது. கடலும் வாவியும் ரெண்டு பக்கமும் உப்பு ஊதுற இடத்தில அந்தத் தண்டவாளத்துக்கு எண்ணெய் பூசவேணாம், தூள் ஒட்டிப் பசையாகும். மெழுகு தேய்ச்சுத் துடைக்கவேணும்.

கல்முனை நிலைக்கால்:
வேலி, உப்பு, மெழுகு எல்லாம் 10 அங்குலத்திலயும் அதேதான். 7492இன்ர வேலி 825 வரைக்கும் போகும், அத ஏன் விட்டீங்க?

கல்லடி உளி:
10 அடிக்கு 12 அடிக் கொட்டிலில 825க்கு மரம் தள்ள எங்க இடம்?

களுவாஞ்சிக்குடி பரண்:
அண்ணன்மார், கொட்டிலில இப்ப இருக்கிறது 5 ஆம்பியர் சொக்கெட்தான். முதல்ல லைன் இழுக்கவா, மெஷின் பார்க்கவா?

சம்மாந்துறை வயர்மேன்:
லைன். மெயின் போர்ட்டில இருந்து தனி பிரேக்கர், 16 ஆம்பியர்.

கல்லடி உளி:
லைன் இழு தம்பி, பிறகு 8¼ வாங்கு. கையுறை போட்டு வாளுக்குக் கிட்டப் போகாத, சாரத்தோடயும் நிக்காத.

கல்முனை நிலைக்கால்:
வாங்க முந்தி கடைக்குள்ள ஒரு 3 அங்குலத் துண்டக் கொண்டு போ தம்பி. வாள முழுக்க உயர்த்திப் பக்கத்தில நிப்பாட்டிப் பார். பல்லு மேல தெரியுதா எண்டு இங்க எழுது.

கல்லடி உளி:
தெரியாது எண்டு நானே எழுதியாச்சு. 2 அங்குலத் துண்டையும் கொண்டு போ.