அம்மச்சிக்கு எந்தத் திரேசா?

களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். ஒரே பெயரில் இரண்டு மூன்று புனிதர்கள் இருப்பதால் உங்கள் வீட்டிலும் குழப்பம் நடந்திருந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இது.

பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பேர் எழுதப் போயிருந்தோம். என் அம்மச்சியின் பெயரையே வைப்பதென்று மகள் பிடிவாதமாக இருந்தாள். திரேசா. பங்குச் சாமியார் எழுதிக்கொண்டே கேட்டார்: "எந்தத் திரேசா? நாம விழா என்னைக்கு வருது?"

"அக்டோபர் ஒண்ணு சாமி, சிறுமலர்" என்று யோசிக்காமல் சொன்னேன். நாம விழா என்றால் பெயர் தந்த புனிதரின் திருநாள். வேறென்ன சொல்வேன்? அம்மச்சியின் கட்டில் தலைமாட்டில் இருந்த ஒரே படம் அதுதான். பழுப்பு அங்கி, கையில் பாடுபட்ட சுரூபம், அதை மூடி ரோஜாப்பூ. "ரோசாப்பூ அம்மை" என்பாள். அக்டோபர் பிறந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்டன்விளைக் கோவிலுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

அம்மச்சியின் பெயர் ஞானஸ்நான ஏட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுத வேண்டுமென்று மகளுக்கு ஆசை. அம்மச்சி பிறந்த வீடு பாறசாலை தாண்டி. அவள் பிறந்த 1918-ல் இரண்டு ஊரும் திருவிதாங்கூர்தான். கேரளம், தமிழ்நாடு என்று நடுவில் கோடு விழுந்தது 1956-ல். அந்தப் பங்கின் அச்சன் பொறுமையாகப் பழைய ஏட்டை எடுத்துவந்து பிரித்தார். லத்தீன் எழுத்து, மை பழுத்துப்போயிருந்தது. 'தெரேசியா'. அக்டோபர் 17, 1918. அச்சன் அந்தத் தேதியில் விரலை வைத்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சேட்டா, இது கொச்சு த்ரேஸ்யா அல்ல. வலிய த்ரேஸ்யா."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். கொச்சு த்ரேஸ்யா என்றால் நம்ம சிறுமலர். பிரான்சில் லிசியே நகரத்துக் குழந்தை இயேசுவின் தெரசாள். அவர் இறந்தது 1897-ல், 24 வயதில். அருளாளர் பட்டம் 1923-ல், புனிதர் பட்டம் 1925-ல். 1918-ல் இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அவர் பெயரை வைத்திருக்க முடியாது. வைத்தது வலிய த்ரேஸ்யாவான ஸ்பெயின் நாட்டு அவிலா தெரசாளின் பெயர். அவருடைய திருநாள் அக்டோபர் 15, ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்பு. (அவர் 1582 அக்டோபர் 4 இரவில் இறந்தார். அன்றோடு பழைய நாட்காட்டி முடிந்து, மறுநாளே 15 என்று ஆனது.)

வண்டியில் திரும்பும்போது நெஞ்சு கனத்துப்போனது. என் அம்மச்சி வாழ்நாள் முழுக்க வேறொருவரையா தன் புனிதை என்று கும்பிட்டாள்? அவளுக்கு ஆறேழு வயது இருக்கும்போது சிறுமலருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு எப்போதோ அந்த ரோஜாப்பூப் படம் கைக்கு வந்து, மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி தெளிந்தது. லிசியே தெரசாளுக்கும் பாதுகாவலி அவிலா தெரசாள்தானே! அவர் சேர்ந்ததும் அவிலா அம்மை சீர்திருத்திய கார்மேல் துறவற சபைதான். அப்படியானால் அம்மச்சியும் சிறுமலரும் ஒரே அம்மையிடம் பெயர் வாங்கினவர்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. கொல்கத்தா அன்னை தெரசா சிறுமலரின் பெயரை எடுத்தவர். மடத்தில் அதே எழுத்தில் பெயர் வைத்த இன்னொரு சகோதரி ஏற்கனவே இருந்ததால் ஸ்பானிய எழுத்தில் 'தெரேசா' ஆனார். 2019-ல் புனிதர் பட்டம் பெற்ற புத்தன்சிறை மரியம் திரேசியாவுக்கும் அவிலா அம்மையின் பெயர்தான்.

பேத்தியின் நாம விழா எந்தத் தேதி என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

*

கொழிஞ்சாம்பாறைக்காரி:

அண்ணா, எங்களுக்கு அந்தோணியார். பிறந்த வீட்டில் மாடுதான் சோறு போட்டது. பொங்கல் முடிந்து ஜனவரி 17 வந்தால் மாட்டைக் குளிப்பாட்டி, தீர்த்தம் தெளித்து, வனத்து அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். எகிப்துப் பாலைவனத்தில் தவம் இருந்தவர். கல்யாணமாகி நாகர்கோவில் பக்கம் வந்தால், இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் நவநாள், ஜூன் 13 திருநாள், கையில் குழந்தை இயேசு. "எங்க அந்தோணியார் தாடி வச்ச தாத்தா" என்று நான் சொல்ல, "இவரு சின்ன வயசுக்காரரு, கோடி அற்புதரு" என்று மாமியார் சொல்ல, முதல் வருஷம் முழுக்க இதே பேச்சு.

பிறகு மடத்துச் சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது. மாமியார் சொன்னது பதுவை அந்தோணியார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் பெர்னாண்டோ. லிஸ்பனில் பிறந்தவர். 1220-ல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, அவர் போன மடம் வனத்து அந்தோணியார் பெயரில் இருந்தது. அந்தப் பெயரையே தனக்கு எடுத்துக்கொண்டார். மாமியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இப்போது ஜனவரி 17-க்கும் அவர்களே விளக்கேற்றுகிறார்கள்.

*

நட்டாலம் பக்கம்:

எங்க பாட்டாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப்பன், பாறசாலைச் சொந்தக்காரர்களுக்கு பவுலோஸ். இரண்டும் பவுல்தான், லத்தீனில் அந்தப் பெயருக்குச் சின்னவர் என்று பொருள். ஆனால் நிலப் பத்திரத்துக்கு அலைந்தபோது இரண்டும் ஒரே ஆள் என்று ஓர் அலுவலகத்தில் நம்ப வைக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை.

திரேசா என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் பிறந்த புனித தேவசகாயம் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார். லாசர் என்பதைத் தமிழாக்கி வந்ததுதான் தேவசகாயம். அவர் மனைவி பார்கவி அம்மாளுக்குக் கிடைத்த பெயர் ஞானப்பூ. ஞானப்பூ என்றால் திரேசாதான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

*

களியக்காவிளையிலிருந்து மறுபடியும்:

ஞானப்பூவை மகளிடம் வாசித்துக் காட்டினேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. வீட்டில் கூப்பிட அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறோம் என்கிறாள். நாம விழா அக்டோபர் 15 என்று இன்று காலை சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மச்சியின் கல்லறைக்குப் போவோம். பூ மட்டும் ரோஜாதான்.