செத்துவிடலாம் என்று தோன்றிய இரவில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எது?

மேன்சன்வாசி:
திருவல்லிக்கேணி மேன்சன், குரூப் தேர்வு முடிவு வந்த வாரம். அந்த இரவுகளை விவரிக்க வேண்டியதில்லை, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேரியர் கொண்டுவரும் அக்கா கதவைத் தட்டினார். முதல்நாள் சாப்பாடு அப்படியே கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "நாளைக்கு அடை போடுகிறேன் தம்பி, உனக்கு எத்தனை?" என்றார். "மூன்று" என்றேன். அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது, நாளைக்கும் இருப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டேனே! அடை ஓரம் கருகியிருந்தது. மூன்றையும் தின்றேன்.

பொன்னி:
அடையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள். எனக்குப் பிள்ளை பிறந்தபின் வந்தது. "குழந்தை முகத்தைப் பார், எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை, அதற்கும் சேர்த்து என்னையே வெறுத்தேன். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்று மனநல மருத்துவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா என் அறை வாசலில் பாய் விரித்தாள். ஒருநாள் பிள்ளை தும்மியதும் சிரித்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "எங்கே, இன்னொரு தரம் சிரி" என்றாள்.

காலைநடை:
ஓய்வுபெற்ற புதிதில் எனக்கும் இருந்தது, போய்விட்டது. இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: விடிகாலை நாலரைக்கு எழுங்கள். வெந்நீர் குடியுங்கள். கைப்பேசியைப் பரணில் போடுங்கள். கோயிலை ஒன்பது சுற்று சுற்றுங்கள். இரவில் தயிர் வேண்டாம். சும்மா இருக்கும் மனம்தான் இதற்கெல்லாம் காரணம்.

மேன்சன்வாசி:
ஐயா, பல் துலக்கவே தெம்பில்லாதவனிடம் நாலரை மணி என்கிறீர்களே. தயிர் என்ன பாவம் செய்தது?

கொல்லிமலை:
நான் முயன்று பிழைத்தவள். வார்டில் கண் விழித்ததும் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்றுதான் முதல் பயம். பக்கத்தில் இருந்த செவிலியர், "2017 மனநலச் சட்டம் உன்னைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவளாகத்தான் பார்க்கும், சிகிச்சை தரத்தான் சொல்கிறது" என்றார். பிறகு கேட்காமலே என் தலையைச் சிக்கெடுக்க உட்கார்ந்தார். வலித்தது. "மெதுவாக அக்கா" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்காக நான் கேட்டது அதுதான்.

இப்போதும் சில இரவுகள் மோசம். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். போன முறை எடுத்த பெண், "சாப்பிட்டீர்களா?" என்றுதான் தொடங்கினாள். இல்லை என்றேன். "முதலில் போய்ச் சாப்பிடுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்" என்றாள். இருந்தாள்.