விபத்துக்குப் பின் உயரும் குருதிச் சீனி: சொல் தேவை

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பு:

வணக்கம். கடும் காயத்தாலோ நோயாலோ தற்காலிகமாகக் குருதிச் சீனி உயர்வதைக் குறிக்கும் 'ஸ்ட்ரெஸ் ஹைப்பர்கிளைசீமியா' என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். வீதி விபத்தில் அனுமதிக்கப்பட்டவரின் வீட்டாருக்குக் கொடுக்கும் விளக்கத்தாளிலும் தாதிய மாணவர் கைநூலிலும் ஒரே சொல் வந்தால் நல்லது. இப்போதைக்கு வரைவில் 'மன அழுத்த நீரிழிவு' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

மட்டக்களப்பு, மருத்துவர்:

> மன அழுத்த நீரிழிவு

இரண்டு பாதியும் பிழை, சேர். மனத்துக்கு இதில் வேலையே இல்லை. தொடை எலும்பு முறிந்து நினைவில்லாமல் கிடப்பவருக்கும் சீனி 220 மி.கி./டெ.லீ. வரும். அடிபட்டதும் அதிரீனலின், கோட்டிசோல், குளூக்ககன் என்ற ஓமோன்கள் மூன்றும் கூடும். ஈரல் தான் சேமித்த கிளைக்கோசனை உடைத்துக் குளுக்கோசை வெளியே விடும். அந்த இருப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு தசைப் புரதத்தைக் கரைத்துப் புதிதாகக் குளுக்கோசு செய்யும். அதே நேரம் சிதைந்த இழையத்திலிருந்து கிளம்பும் அழற்சி, இன்டர்லூக்கின்-6 போன்ற சைற்றோகைன்களை, அதாவது கலங்களிடையே செய்தி கடத்தும் புரதங்களை, குருதியில் விடுகிறது. அவை தசைக் கலத்தில் இன்சுலினின் சமிக்ஞையைக் குழப்பும். இன்சுலின் தாராளமாக இருந்தும் குளுக்கோசு உள்ளே போகாது.

திரும்பும் பாதையும் உண்டு. உயர்ந்த சீனி வெண்குழியங்கள் கிருமியை விழுங்கும் திறனைக் குறைக்கிறது, அழற்சியையும் வளர்க்கிறது. காயம் பழுப்பதும் ஆறப் பிந்துவதும் இதனால்தான். ஆகவே சொல்லில் 'நீரிழிவு' வரவே கூடாது. முன்பே நீரிழிவு உள்ளவரின் உயர்வும் இதுவும் வேறு வேறு. காயப்பட்டவர்களில் இந்தப் புது உயர்வோடு வரும் இறப்பு ஆபத்து நீரிழிவுக்காரருடையதைவிடக் கூட என்று கண்டிருக்கிறார்கள்.

என் முன்மொழிவு: காயவழிச் சீனியேற்றம்.

கல்முனை, தாதிய உத்தியோகத்தர்:

டொக்டர், 'ஏற்றம்' வேண்டாம். வாட்டில் சேலைன் ஏற்றுகிறோம், இரத்தம் ஏற்றுகிறோம். சீனியேற்றம் என்று தாளில் கண்டால் "எங்கட ஆளுக்குச் சீனி ஏத்திட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தில் உண்மையும் கொஞ்சம் உண்டு. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோசுக் கரைசல்) ஓடும் கையிலேயே ஊசி குத்தி இரத்தம் எடுத்தால் பொய்யாக 400, 500 காட்டும். மறு கையில் எடுக்க வேண்டும். அதிர்ச்சி நிலையில் கைகால் குளிர்ந்திருப்பவரின் விரல்நுனிச் சொட்டை நம்பி இன்சுலின் தொடங்கவும் கூடாது. நாளக் குருதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று கைநூலுக்குக் கட்டாயம். சீனி 180 தாண்டினால் சிறுநீரில் இறங்கத் தொடங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர் சேரும் பையில் மணிக்கு 100 மி.லீ. நிறைவதைப் பார்த்து 'திரவம் போதும்' என்று எழுதிவிடுவார்கள். ஆள் உள்ளே வற்றிக்கொண்டிருப்பார்.

'உயர்வு' போடலாம். 'காயச்சீனி' என்று சுருக்காதீர்கள். புண்ணில் சீனி தூவுகிற பழக்கம் இருக்கிறது, அதற்குச் சிபாரிசு மாதிரி ஆகிவிடும்.

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பு:

'உயர்வு' சரி. ஆனால் 'காயவழி' குறுகலாக இல்லையா? தீக்காயம் அடங்கும். மாரடைப்பு, பெரிய சத்திரசிகிச்சை, குருதி நஞ்சாதல் அடங்காதே. 'அதிர்ச்சி' என்றால்?

மட்டக்களப்பு, மருத்துவர்:

அதிர்ச்சி ஏற்கெனவே குருதியமுக்கம் விழுந்த நிலைக்குப் போய்விட்டது. மின் அதிர்ச்சி வேறு. 'வடு'வும் ஆகாது, யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு இந்தப் பக்கம் 'உளவடு' என்றால் உளவளத்துணையாளரிடம் அனுப்புவார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கு 'நெருக்கீடு' பொருந்தும், முன்னால் 'உடல்' சேர்த்தால். பொதுச்சொல்: உடல்நெருக்கீட்டுக் குளுக்கோசு உயர்வு. அதன் ஒரு வகை: காயவழிக் குளுக்கோசு உயர்வு. பாடநூலில் குளுக்கோசு என்றே பழகியவர்கள்தான் மாணவர்கள். சீனி வீட்டாரின் தாளுக்குப் போதும்.

வரைவிலக்கணத்தில் எண் இருக்க வேண்டும்: குருதிக் குளுக்கோசு 200 மி.கி./டெ.லீ. அல்லது மேல், எச்பிஏ1சி (முந்தைய 2–3 மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 6.5 வீதத்துக்குக் கீழ். இந்த இரண்டாவது சோதனைக்கான குருதியை இரத்தம் ஏற்ற முன்னமே எடுக்க வேண்டும். பல பைகள் ஏறியபின் எடுத்தால் அது கொடையாளிகளின் சராசரியைத்தான் சொல்லும். கல்முனையில் இரத்தம் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்பும்போது, முதல் மாதிரி எடுத்த நேரத்தைக் கடிதத்தில் குறித்தால் இங்கே வீணாக மறுபடி எடுக்கத் தேவையில்லை.

கல்முனை, தாதிய உத்தியோகத்தர்:

சம்மதம். இலக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 'உயர்வு' என்றதும் இழுத்து 100க்குள் கொண்டுவர நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பு, மருத்துவர்:

180க்கு மேல் நீடித்தால் இன்சுலின். இலக்கு 140 முதல் 180. 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் தீவிர சிகிச்சையிலிருந்த 6,104 பேர். சீனியை 81–108க்குள் இறுக்கியவர்களில் 90 நாளில் இறந்தோர் 27.5 வீதம், 180 வரை விட்டவர்களில் 24.9 வீதம். சீனி 40க்கோ அதற்குக் கீழோ விழுந்தது இறுக்கியவர்களில் 6.8 வீதம், மற்றப் பக்கம் 0.5. பம்பில் 50 அலகு கரையும் இன்சுலினை 50 மி.லீ. சாதாரண சேலைனில் கலந்தால் 1 மி.லீ.க்கு 1 அலகு. குழாய்ச் சுவரில் இன்சுலின் ஒட்டும், ஆகவே முதல் 20 மி.லீ.யை ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மணிக்கொருமுறை சீனி. பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும், இன்சுலின் அதைக் கலத்துக்குள் தள்ளும்.

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பு:

இரண்டு சொல்லையும் பதிகிறேன். வீட்டாரின் தாளுக்கு இப்படி: "அடிபட்டதால் உடம்பே சீனியைக் கூட்டியிருக்கிறது. இதைச் சீனி வருத்தம் என்று இப்போதே சொல்ல முடியாது. இனிப்புக் கொடுத்ததால் வந்ததல்ல. 3 மாதம் கழித்துக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும்."

கல்முனை, தாதிய உத்தியோகத்தர்:

"வீட்டில் இருக்கும் சீனிக் குளிசையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்" என்பதையும் சேருங்கள். உம்மாவின் மெற்போர்மினை மகனுக்குக் கொடுப்பார்கள்.